எம்ப்ளாய்மென்ட் ஆபீஸ்ல பதிவு போட்டாச்சு, அப்புறம் என்ன? தமிழ்நாட்டுல வேலை தேடுறவங்களுக்கு முழு வழிகாட்டி

நம்ம ஊர்ல பத்தாவது இல்ல பன்னெண்டாவது மார்க் ஷீட் கைக்கு வந்ததும் வீட்டுல முதல்ல சொல்றது "போய் எம்ப்ளாய்மென்ட்ல பதிஞ்சுட்டு வா"ன்னுதான். பதிஞ்சுட்டும் வருவோம், அந்த அட்டையை லேமினேட் பண்ணி பீரோவுல வெச்சுருவோம், அதோட கதை முடிஞ்சுது. 2022 வாக்குல தமிழ்நாட்டுல பதிவு பண்ணி வெச்சிருந்தவங்க எண்ணிக்கை 70 லட்சத்தைத் தாண்டியிருந்துச்சு. அத்தனை பேருக்கும் வீட்டுக்கு லெட்டர் வந்து அரசு வேலை கிடைக்கப்போறதில்லைன்னு எல்லாருக்கும் தெரியும். தெரிஞ்சும் பாதிப்பேர் அந்த ஆபீஸ்னாலே லெட்டர் மட்டும்தான்னு நினைச்சுக்கிட்டு இருக்காங்க, அதனால அங்க கிடைக்கிற மத்த விஷயம் எதையும் தொடுறதே இல்லை. இந்தக் கட்டுரையில நான் சொல்லப்போறது அந்த மத்த விஷயங்களைப் பத்தித்தான். பதிவு எப்படி போடுறதுங்கறதும் இருக்கு, ஆனா அது சின்ன பகுதிதான்.

மொதல்ல இந்த ஆபீஸ் எதுக்கு இருக்குன்னு புரிஞ்சுக்கலாம்

இரண்டாம் உலகப்போர் முடிஞ்சப்ப ராணுவத்துல இருந்து வெளிய வந்தவங்களுக்கு வேலை பிடிச்சுக் கொடுக்கத்தான் 1945ல இந்த அமைப்பையே தொடங்குனாங்க. அப்புறம் பொதுமக்களுக்கும் திறந்துவிட்டு, 1956 நவம்பர்ல நிர்வாகம் மாநிலங்கள் கைக்கு வந்துச்சு. 1959ல ஒரு சட்டம் போட்டாங்க, காலிப்பணியிடங்களை கட்டாயமா அறிவிக்கணும்ங்கிற சட்டம். அரசு நிறுவனங்களும், 25 பேரோ அதுக்கு மேலயோ வேலை பாக்குற தனியார் நிறுவனங்களும் காலியிடம் இருந்தா வேலைவாய்ப்பு அலுவலகத்துக்கு சொல்லணும்னு அதுல இருந்துச்சு. இங்கதான் பலருக்கும் குழப்பம், "சொல்லணும்"னுதான் இருக்கே தவிர "அங்க இருந்துதான் ஆள் எடுக்கணும்"னு இல்லை. சுப்ரீம் கோர்ட்டும் 1987ல ஒரு வழக்குல இதைத் தெளிவா சொல்லிடுச்சு, 1996ல இன்னொரு வழக்குல அலுவலகத்துல பட்டியல் கேட்டா மட்டும் பத்தாது, பேப்பர்லயும் விளம்பரம் கொடுத்து எல்லாருக்கும் வாய்ப்பு தரணும்னும் சொல்லுச்சு. அதுல இருந்து பதிவு மூப்பு, அதாவது யார் முன்னாடி பதிஞ்சாங்கங்கிற சீனியாரிட்டி மட்டும் வெச்சு வேலைங்கிறது கரைஞ்சுக்கிட்டே வந்துச்சு.

நம்ம மாநிலத்துல ஆசிரியர் வேலைக்கு சீனியாரிட்டி பாத்து எடுத்துக்கிட்டு இருந்தாங்க இல்லையா, அது ஞாபகம் இருக்குறவங்கதான் இன்னிக்கும் "பதிஞ்சு வை, ஒரு நாள் வரும்"னு சொல்றவங்க. 2012ல டெட்ங்கிற ஆசிரியர் தகுதித் தேர்வு வந்ததோட அந்தக் கணக்கு மாறிடுச்சு. இப்ப சீனியாரிட்டி வேலை செய்யறது அலுவலக உதவியாளர், இரவுக் காவலர், ஜீப் டிரைவர் மாதிரி இடங்கள்லதான், அதுவும் இனசுழற்சி (ஒதுக்கீட்டுப் பிரிவு வாரியா இடம் வர்ற முறை), முன்னுரிமை எல்லாம் சேர்ந்து. அதுக்காக பதிவே வேண்டாமான்னா வேணும், காசு செலவில்லாத விஷயம், கீழ சொல்லப்போற உதவித்தொகைக்கு அதுதான் அடிப்படை. பதிஞ்சுட்டு கையைக் கட்டிக்கிட்டு உக்காரக்கூடாது, அவ்ளோதான்.

பதிவு போடுறது

பத்தாவது, பன்னெண்டாவது முடிக்கிறவங்களுக்கு மார்க் ஷீட் தரும்போதே ஸ்கூல்லயே ஆன்லைன்ல பதிஞ்சு கொடுத்துடுறாங்க. அதனால உங்க பேர்ல ஏற்கனவே ஒரு பதிவு இருக்கான்னு மொதல்ல பாருங்க, மறந்துட்டு இன்னொன்னு போட்டா ரெண்டு பதிவு இருக்குன்னு பின்னாடி தலைவலி. ஸ்கூல்ல கேட்டா பதிவு எண் சொல்லுவாங்க, இல்லன்னா மாவட்ட ஆபீஸ்ல பேர், பிறந்த தேதி சொன்னா தேடிக் கொடுப்பாங்க.

புதுசா போடுறவங்க டிஎன் வேலைவாய்ப்பு இணையதளத்துக்கு போகணும். அட்ரஸ் டைப் பண்றப்ப ஒரு விஷயம், இங்கிலீஷ்ல 'வாய்ப்பு'ங்கிறதுல ரெண்டு ஏ, அப்புறம் ஒரு ஐ, ரெண்டு பி வரும், கடைசியில டாட் ஜிஓவி டாட் இன். இதை நான் இவ்ளோ விளக்கமா சொல்றதுக்குக் காரணம், சர்ச்ல தேடுனா அதே மாதிரி பேர்ல ஏகப்பட்ட தனியார் சைட் வருது, அதுல போய் ஆதார் நம்பர், போன் நம்பர் எல்லாம் கொடுத்துட்டு வந்தவங்க இருக்காங்க. அரசு தளத்துக்கு ஜிஓவி டாட் இன் இருக்கும், இல்லாட்டி மூடிடுங்க.

கையில வேண்டியது மார்க் ஷீட், டிசி, சாதிச்சான்று, ஆதார், குடும்ப அட்டை, நீங்களே பாக்குற ஒரு போன் நம்பர், ஒரு ஈமெயில். கடைசி ரெண்டும் பிரவுசிங் சென்டர்காரரோடதா இருக்கக்கூடாது. சிரிக்காதீங்க, நிறைய பேர் பதிவுல சென்டர் ஓனர் மெயில்தான் இருக்கு, ஓடிபி அவருக்குப் போகும், ரெண்டு வருஷம் கழிச்சு பாஸ்வேர்டு மறந்துட்டா அவர் கடையையே மூடிட்டு போயிருப்பாரு.

பேர், இனிஷியல், பிறந்த தேதி மூணும் பத்தாவது மார்க் ஷீட்ல இருக்குற மாதிரியே இருக்கணும், ஆதார்ல வேற மாதிரி இருந்தா ஆதாரை மாத்துங்க. இனிஷியல் முன்னாடியா பின்னாடியா, ஒரு இனிஷியலா ரெண்டா, இதெல்லாம் இப்ப சின்னதாத் தெரியும், சர்டிபிகேட் சரிபார்ப்புல உக்கார வெச்சு கேக்குறப்பதான் பெருசாத் தெரியும்.

எந்த ஆபீஸ்ல பதியணும்ங்கிறது படிப்பைப் பொறுத்தது. பட்டப்படிப்பு வரைக்கும் உங்க மாவட்ட ஆபீஸ், முதுகலை மற்றும் இன்ஜினியரிங், மெடிக்கல் மாதிரி தொழிற்படிப்புகளுக்கு சென்னையிலயும் மதுரையிலயும் இருக்குற தொழில் மற்றும் செயல் வேலைவாய்ப்பு அலுவலகம், வட மாவட்டங்களுக்கு சென்னை, தென் மாவட்டங்களுக்கு மதுரை. மாற்றுத்திறனாளிகளுக்கு சென்னையில தனி அலுவலகமே இருக்கு. வீடு மாறி வேற மாவட்டம் போயிட்டா பதிவையும் மாத்திக்கணும், புதுசா ஒண்ணு போடக்கூடாது.

பதிவு முடிஞ்சதும் ஒரு எண் வரும். மூணு எழுத்துல மாவட்டம், அப்புறம் பதிஞ்ச வருஷம், ஆணா பெண்ணாங்கிறதுக்கு ஒரு எழுத்து, அதுக்கப்புறம் எட்டு இலக்கம். அட்டையை பிரிண்ட் எடுத்து வெச்சுக்குங்க, போன்லயும் ஒரு போட்டோ, மெயில்ல உங்களுக்கே ஒரு காப்பி. அட்டையில இருக்குற படிப்பு, பாடம், தெரிஞ்ச மொழி, டைப்ரைட்டிங் இருந்தா அது, டிரைவிங் லைசென்ஸ் இருந்தா அது, எல்லாம் சரியா ஏறியிருக்கான்னு ஒரு தடவை உக்காந்து படிங்க. ஹெவி லைசென்ஸ் வெச்சிருக்குற ஆள் அதைப் பதியாம விட்டா டிரைவர் பட்டியல் எடுக்கும்போது கம்ப்யூட்டருக்கு எப்படி தெரியும்?

முன்னுரிமை இருக்கான்னு பாருங்க

இதை நிறைய பேர் கோட்டை விடுறாங்க. முன்னாள் ராணுவத்தினர், ஆதரவற்ற விதவை, மாற்றுத்திறனாளி, கலப்புத்திருமணம் பண்ணவங்க, அரசுக்கு நிலம் கொடுத்த குடும்பம், இப்படி சில பிரிவுக்கு முன்னுரிமை உண்டு. 2021 செப்டம்பர்ல சட்டசபையில சொன்ன அறிவிப்புல முதல் தலைமுறை பட்டதாரிகளையும், அரசுப் பள்ளியில தமிழ் மீடியத்துல படிச்சவங்களையும், கொரோனாவுல அப்பா அம்மாவை இழந்தவங்களையும் சேர்த்தாங்க. இதுக்கெல்லாம் சான்றிதழ் வேணும், பெரும்பாலும் வருவாய்த்துறையில, அதாவது விஏஓ, ஆர்ஐ, தாசில்தார் வழியா இ-சேவையில விண்ணப்பிச்சு வாங்குறது. வாங்குனா மட்டும் போதாது, அதைக் கொண்டு போய் பதிவுல ஏத்தணும்.

இதோட சேர்த்து தமிழ் மீடியத்துல படிச்சதுக்கான சான்றும் வாங்கிடுங்க. அரசு வேலையில அவங்களுக்கு 20 சதவீதம் ஒதுக்கீடு இருக்கு, ஆனா 2020ல வந்த திருத்தத்துக்கு அப்புறம் ஒண்ணாம் வகுப்புல இருந்தே தமிழ் மீடியம்னு காட்டணும். ஒண்ணாவது ஒரு ஸ்கூல், ஆறாவது வேற ஸ்கூல், காலேஜ் வேற ஊர்னா ஒவ்வொரு இடத்துலயும் ஏறி இறங்கணும். நோட்டிபிகேஷன் வந்தப்புறம் ஓடுனா ஸ்கூல் லீவா இருக்கும், எச்எம் டிரெயினிங் போயிருப்பாரு. சும்மா இருக்குற இந்த நேரத்துல வாங்கி வெச்சுருங்க.

புதுப்பிக்கிறது

மூணு வருஷத்துக்கு ஒரு தடவை ரினியூவல். தளத்துல லாகின் பண்ணி ரெண்டு கிளிக், அவ்ளோதான் வேலை, ஆனா இதை விட்டுட்டு பத்து வருஷ சீனியாரிட்டியை தொலைச்சவங்க ஊருக்கு நாலு பேர் இருப்பாங்க. அப்பப்ப அரசு சிறப்பு சலுகை கொடுக்குறது உண்டு, 2014ல இருந்து 2019 வரைக்கும் விட்டவங்களுக்கு 2021ல அப்படி ஒரு வாய்ப்பு கொடுத்தாங்க. அது வரும்னு நம்பிக்கிட்டு விடாதீங்க. போன் காலண்டர்ல அட்டையில இருக்குற மாசத்துக்கு ரிமைண்டர் போடுங்க, அம்மா போன்லயும் ஒண்ணு போடுங்க.

புதுசா டிகிரி முடிச்சா அதையும் சேர்க்கணும். சேர்க்கும்போது பழைய படிப்போட சீனியாரிட்டி அப்படியே இருக்கும், புது படிப்புக்கு சேர்த்த நாள்ல இருந்துதான் கணக்கு. அதனால கன்வகேஷன் வரட்டும்னு வருஷக்கணக்கா தள்ளிப்போடாம, ப்ரொவிஷனல் சர்டிபிகேட் வந்ததுமே ஆபீஸ்ல கேட்டு சேர்த்துடுங்க.

உதவித்தொகை: கொஞ்சம்தான், ஆனா உங்களுக்கு உரிமையானது

வேலையில்லாத இளைஞர்களுக்கு மாசாமாசம் ஒரு தொகை கணக்கு போட்டு மூணு மாசத்துக்கு ஒரு தடவை பேங்க்ல போடுவாங்க. பத்தாவது பெயிலுக்கு 200, பத்தாவது பாஸுக்கு 300, பன்னெண்டாவதுக்கு 400, டிகிரிக்கு 600 ரூபா. இது என்ன காசு, ஒரு வாரத்து பெட்ரோலுக்கு வராதேன்னு நீங்க கேக்கலாம், நியாயம்தான், எனக்கும் இந்தத் தொகை இன்னிக்கு விலைவாசிக்கு அநியாயத்துக்கு கம்மின்னுதான் தோணுது. ஆனா தேர்வுக் கட்டணம், ஜெராக்ஸ், பஸ் செலவுக்காவது ஆகும், விடுறதுல அர்த்தமில்லை.

தகுதி என்னன்னா, அந்தப் படிப்பைப் பதிஞ்சு அஞ்சு வருஷம் ஆகியிருக்கணும், பதிவு விடாம ரினியூ ஆகியிருக்கணும், வயசு 40க்குள்ள, எஸ்சி எஸ்டின்னா 45க்குள்ள, குடும்ப வருமானம் வருஷத்துக்கு 72,000க்கு மேல போகக்கூடாது. ரெகுலர் காலேஜ்ல படிச்சுக்கிட்டு இருக்குறவங்களுக்கு இல்லை, தொலைதூரக் கல்வியா இருந்தா பரவாயில்லை. இன்ஜினியரிங், மெடிக்கல், சட்டம், விவசாயம் மாதிரி தொழிற்படிப்பு முடிச்சவங்களுக்கும் கிடையாது. அதிகபட்சம் மூணு வருஷம் வரும்.

மாற்றுத்திறனாளிகளுக்கு விதிகள் தனி. பதிஞ்சு ஒரு வருஷம் ஆனாலே போதும், வருமான வரம்பு இல்லை, பத்தாவது வரைக்கும் 600, பன்னெண்டாவதுக்கு 750, டிகிரிக்கு 1,000, பத்து வருஷம் வரைக்கும் வரும்.

விண்ணப்பம் ஆபீஸ்லயே இலவசமா தருவாங்க. வருமானப் பகுதியில வருவாய்த்துறை கையெழுத்து வாங்கணும், பேங்க் பாஸ்புக், மார்க் ஷீட், அட்டை எல்லாம் ஒரிஜினலோட போகணும். வாங்க ஆரம்பிச்சப்புறம் வருஷத்துக்கு ஒரு தடவை சுய உறுதிமொழி ஆவணம் கொடுக்கணும், அதை மறந்தா நின்னுடும், நின்னது பேங்க் மெசேஜ் வராதப்பதான் தெரியும். இன்னொரு பயமும் சிலருக்கு இருக்கு, இந்தத் தொகை வாங்குனா பதிவு ரத்தாயிடுமோன்னு. ஆகாது. சீனியாரிட்டி அப்படியேதான் இருக்கும்.

படிக்கிறவங்களுக்கு: தன்னார்வ பயிலும் வட்டம்

என்னைக் கேட்டா அந்த ஆபீஸ்ல இருக்குறதுலயே உருப்படியான விஷயம் இதுதான். போர்டுல இப்ப 'மாவட்ட வேலைவாய்ப்பு மற்றும் தொழில்நெறி வழிகாட்டும் மையம்'னு நீளமா எழுதியிருப்பாங்க, அதுல அந்த ரெண்டாவது பாதியோட வேலை இது. டிஎன்பிஎஸ்சி, போலீஸ் எஸ்ஐ, கான்ஸ்டபிள், ஆசிரியர் தேர்வு, எஸ்எஸ்சி, பேங்க் தேர்வுன்னு நோட்டிபிகேஷன் வந்ததும் இலவச கிளாஸ் ஆரம்பிப்பாங்க. சின்னதா ஒரு நூலகமும் இருக்கும். வெளிய கோச்சிங் சென்டர்ல ஆயிரக்கணக்குல கட்டுறதுக்கு முன்னாடி இங்க ஒரு வாரம் போய் உக்காந்து பாருங்க. வாத்தியார் ஆளுக்கு ஆள் மாறும், சிலர் அருமையா எடுப்பாங்க, சிலர் புத்தகத்தை வாசிச்சுட்டு போவாங்க, அது உண்மை. ஆனா ஸ்லிப் டெஸ்ட், மாதிரித் தேர்வு எழுதுறதுக்கும், ஒரே தேர்வுக்குப் படிக்கிற பத்து பேரோட பழகுறதுக்குமே போகலாம், கிராமத்துல தனியா ரூம்ல உக்காந்து படிக்கிறவங்களுக்கு இது பெரிய பலம்.

தமிழ்நாடு கேரியர் சர்வீசஸ்னு துறையோட மெய்நிகர் கற்றல் தளமும் இருக்கு, பாடக்குறிப்பு, வீடியோ எல்லாம் இலவசம், போட்டித் தேர்வுக்கான மெட்டீரியல் தமிழ்லயே கிடைக்கும்.

குரூப் 4 எழுதுறவங்களுக்கு ஒரு கணக்கு மட்டும் சொல்றேன். மொத்தம் 200 கேள்வி, 300 மார்க், அதுல தமிழ் 100 கேள்வி 150 மார்க். தமிழ்ல 60 மார்க் எடுக்கலைன்னா மீதி பேப்பரை திருத்தவே மாட்டாங்க. அதே சமயம் அந்த 150ம் ரேங்க்குக்கு சேரும். பள்ளி தமிழ்ப் புத்தகம் ஆறாவதுல இருந்து எடுத்து கரைச்சுக் குடிச்சவன்தான் மேல போவான். தேர்வு எழுத டிஎன்பிஎஸ்சி தளத்துல போடுற நிரந்தரப் பதிவுங்கிறது வேற, எம்ப்ளாய்மென்ட் பதிவுங்கிறது வேற, முன்னதுக்கு 150 ரூபா கட்டணும், அஞ்சு வருஷம் செல்லும். ரெண்டையும் ஒண்ணுன்னு நினைச்சு கடைசி நாள்ல முழிக்காதீங்க.

தனியார் வேலை: தளமும் முகாமும்

2020 ஜூன்ல தமிழ்நாடு தனியார் துறை வேலை இணையம்னு ஒண்ணு ஆரம்பிச்சாங்க, டிஎன் பிரைவேட் ஜாப்ஸ்ங்கிற பேர்ல இருக்கும். அதுல வேலை தேடுறவங்க தனியா ஒரு பதிவு போடணும், சீனியாரிட்டி பதிவு இதுக்கு செல்லாது. மாவட்டம், படிப்பு, சம்பளம் வாரியா தேடி அப்ளை பண்ணலாம், கட்டணம் எதுவும் இல்லை. மத்திய அரசோட தேசிய வேலைவாய்ப்பு சேவை தளமும் 2015ல இருந்து இருக்கு, அதுலயும் ஒரு ப்ரொபைல் போட்டு வைங்க, வெளிமாநிலம் போகத் தயாரா இருக்குறவங்களுக்கு உதவும்.

ஆனா வெறும் தளத்தை விட வேலைவாய்ப்பு முகாம்தான் வேகமா வேலை கொடுக்குது. மாவட்ட ஆபீஸ்லயே மாசத்துக்கு ஒரு தடவை, பெரும்பாலும் வெள்ளிக்கிழமை, சின்ன முகாம் நடக்கும், பத்து பதினஞ்சு கம்பெனி வரும். எந்த வெள்ளிங்கிறது மாவட்டத்துக்கு மாவட்டம் மாறும், அதனால ஆபீஸ் நோட்டீஸ் போர்டு, மாவட்ட கலெக்டர் பேஸ்புக் பக்கம், பேப்பர்ல உள்ளூர் செய்தி பாத்துக்கிட்டே இருக்கணும். பெரிய முகாம் ஏதாவது காலேஜ்ல சனிக்கிழமை வெச்சு நூத்துக்கு மேல கம்பெனி வரவழைப்பாங்க. எட்டாவது படிச்சவங்கள்ல இருந்து ஐடிஐ, டிப்ளமோ, நர்சிங், டிகிரி வரைக்கும் எல்லாருக்கும் ஏதாவது இருக்கும்.

பெரிய முகாமுக்கு போறதுன்னா காலையில ஒன்பது மணிக்கே போயிடுங்க. பத்து மணிக்கு மேல ரிஜிஸ்ட்ரேஷன் டேபிள்ல கூட்டம் முட்டும், பதினொண்ணுக்கு மந்திரியோ கலெக்டரோ வந்து விளக்கேத்தி பேசுவாங்க, அந்த நேரத்துல நல்ல கம்பெனி ஸ்டால் எது எங்க இருக்குன்னு சுத்திப் பாத்து வெச்சுக்குங்க. பயோடேட்டா ஒரு பக்கத்துல, பத்து காப்பியாவது வேணும், போட்டோ, ஆதார், மார்க் ஷீட் ஜெராக்ஸ். ஒரிஜினலை யாரும் வாங்கி வெச்சுக்க விடாதீங்க. பார்த்துட்டு அங்கேயே திருப்பித் தரணும், "ஜாயின் பண்ற அன்னிக்கு ஒரிஜினல் கொடுத்துடணும், ஒரு வருஷம் கழிச்சுதான் தருவோம்"னு சொன்னா எழுந்து வந்துடுங்க.

இப்ப ஸ்டால்ல உக்காந்து என்ன கேக்குறதுன்னு பாக்கலாம், நம்ம பசங்க கூச்சப்படுற இடம் இதுதான்.

"சேலரி பதினெட்டு தம்பி, பிளஸ் புட், பிளஸ் ஸ்டே"ம்பாரு எச்ஆர்.

"கையில எவ்ளோ சார் வரும்?"

"அது… பிடித்தம் போக ஒரு பதினாலு வரும்."

இந்த ஒரு கேள்வியில நாலாயிரம் ரூபா வெளிய வந்துச்சு பாருங்க. அவர் சொன்ன பதினெட்டு சிடிசி, அதாவது கம்பெனி தன் பங்குக்கு கட்டுற பிஎஃப் (வருங்கால வைப்பு நிதி), இஎஸ்ஐ (தொழிலாளர் காப்பீடு) எல்லாம் சேர்த்த தொகை. உதாரணத்துக்கு கிராஸ், அதாவது பிடித்தத்துக்கு முந்தின மொத்த சம்பளம் 16,000, அதுல பேசிக் (அடிப்படைச் சம்பளம்) 12,000ன்னு வைங்க. பிஎஃப் பேசிக்ல 12 சதவீதம், 1,440. இஎஸ்ஐ கிராஸ்ல முக்கால் சதவீதம், 120. மீதி 14,440, அதுல கேன்டீன், பஸ், ஹாஸ்டல்னு பிடிச்சா இன்னும் குறையும். பிஎஃப் பிடிக்கிறது உங்க காசுதான், அதுக்காக வருத்தப்பட வேண்டாம், பிஎஃப்பே இல்லைன்னு சொல்ற கம்பெனிக்குத்தான் யோசிக்கணும். இஎஸ்ஐ மாச சம்பளம் 21,000 வரைக்கும் உண்டு, வீட்டுல அப்பா அம்மாவுக்கும் ஆஸ்பத்திரி செலவுக்கு ஆகும், அதனால கார்டு எப்ப வரும்னு கேளுங்க.

அடுத்த கேள்வி, யாரோட ரோல்ல சேர்க்குறீங்க, கம்பெனியா கான்ட்ராக்டா? ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர், ஓசூர் பக்கம் இருக்குற பெரிய பெரிய பேக்டரி பேர்ல போர்டு இருக்கும், ஆனா உக்காந்திருக்குறவரு மேன்பவர் ஏஜென்சி ஆளா இருப்பாரு, அப்பாயின்ட்மென்ட் ஆர்டர் ஏஜென்சி பேர்ல வரும், 11 மாசத்துல அனுப்பிடுவாங்க. கான்ட்ராக்டே தப்புன்னு நான் சொல்லலை, முதல் வேலைக்கு அனுபவம் கிடைக்கும், ஆனா தெரிஞ்சு போகணும். அப்ரண்டிஸா ட்ரெய்னியாங்கிறதும் அதே மாதிரி, அப்ரண்டிஸ்னா பயிற்சி முடிஞ்சதும் சான்றிதழ் வரணும், அரசு அப்ரண்டிஸ் போர்ட்டல்ல உங்க பேர்ல ஒப்பந்தம் ஏறியிருக்கணும். அப்புறம் ஷிப்ட் எத்தனை மணி நேரம், ஓவர்டைமுக்கு டபுள் உண்டா, பொண்ணுங்களுக்கு நைட் ஷிப்ட்டுக்கு வண்டி உண்டா, ஹாஸ்டல் ரூம்ல எத்தனை பேர், இதெல்லாம் கேட்டா எச்ஆர் கோவிச்சுக்க மாட்டாரு. கோவிச்சுக்கிட்டா அதுவே பதில்.

சேல்ஸ், இன்சூரன்ஸ், லோன் கலெக்ஷன் ஸ்டால்ல ஆள் இழுத்து இழுத்து கூப்பிடுவாங்க, "பிசினஸ் டெவலப்மென்ட்"னு பேர் அழகா இருக்கும். பிக்சட் சம்பளம் எவ்ளோ, டார்கெட் முடிக்கலைன்னா என்ன வரும், பெட்ரோல் யார் போடுறது, மூணையும் கேட்டு எழுதிக்குங்க. பேசுற திறமை இருக்குறவங்க அதுல நல்லா வரவும் செய்றாங்க, எல்லாரையும் தள்ளிவிட மாட்டேன்.

முகாம்லயே ஆர்டர் கொடுத்து போட்டோ எடுப்பாங்க. அந்தப் பேப்பர்ல சேர வேண்டிய தேதி, இடம், சம்பளம் எழுதியிருக்கான்னு பாருங்க, இல்லைன்னா அது செலக்ஷன் லெட்டர் மட்டும்தான், மறுநாளே போன் பண்ணி கேக்கணும். கம்பெனி இழுத்தடிச்சா மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலருக்கு சொல்லுங்க, முகாமுக்கு கூப்பிட்டது அவங்கதான், அடுத்த முகாமுக்கு அந்தக் கம்பெனி வரணும்னா பதில் சொல்லியாகணும். யாராவது டெபாசிட், யூனிபார்ம் காசு, பிராசஸிங் பீஸ்னு கேட்டா அங்கேயே சத்தம் போட்டு அதிகாரியைக் கூப்பிடுங்க. அரசு நடத்துற முகாம்ல வேலை தேடுறவங்க ஒரு பைசா கட்ட வேண்டியதில்லை.

படிப்பு பத்தலைன்னா

பத்தாவதோட நின்னவங்க, இல்லை டிகிரி இருந்தும் எந்த வேலைக்கும் கைத்தொழில் தெரியலைன்னு நினைக்கிறவங்க ஐடிஐ பத்தி யோசிக்கலாம். இதே வேலைவாய்ப்பு பயிற்சித்துறைதான் அரசு ஐடிஐகளையும் நடத்துது. ஆண்களுக்கு 40 வயசு வரைக்கும், பெண்களுக்கு உச்ச வயசே இல்லை. எட்டாவது படிச்சவங்களுக்கும் வெல்டர், வயர்மேன் மாதிரி சில டிரேடு உண்டு. அரசு ஐடிஐயில பயிற்சிக்கு பீஸ் கிடையாது, மாசம் 750 ரூபா உதவித்தொகை, பஸ் பாஸ், சைக்கிள், சீருடை உண்டு. அரசுப் பள்ளியில படிச்ச பொண்ணுங்களுக்கு புதுமைப்பெண், பசங்களுக்கு தமிழ்ப்புதல்வன் திட்டத்துல மாசம் 1,000 அது தனி. பிஏ முடிச்சுட்டு ஐடிஐ போறதான்னு அக்கம்பக்கம் பேசுவாங்க, பேசட்டும். பிட்டர், எலக்ட்ரீஷியன் முடிச்ச பையனை முகாம்ல மூணு கம்பெனி பேரம் பேசும்போது வெறும் டிகிரிக்காரன் சேல்ஸ் ஸ்டால் முன்னாடி நிக்கிறதை நான் ஒவ்வொரு முகாம்லயும் பாக்குறேன்.

2022ல வந்த நான் முதல்வன் திட்டத்துலயும் குறுகியகாலப் பயிற்சி நிறைய இருக்கு, எது உங்க மாவட்டத்துல இப்ப நடக்குதுன்னு வழிகாட்டும் மையத்துலயே கேக்கலாம். கேக்கணும், அவங்களா கூப்பிட்டு சொல்ல மாட்டாங்க.

லெட்டர் வரலை, சீனியாரிட்டி தெரியலைன்னா

ஏதோ ஒரு துறைக்கு பட்டியல் போயிருக்கு, உங்களுக்கு அப்புறம் பதிஞ்ச பக்கத்து வீட்டுக்காரருக்கு அழைப்பு வந்திருக்கு, உங்களுக்கு வரலைன்னு வைங்க. உடனே காசு கொடுத்துட்டாங்கன்னு முடிவு பண்ணாதீங்க, அவர் வேற இனசுழற்சியில, இல்லை முன்னுரிமையில வந்திருக்கலாம். ஆபீஸ்ல போய் அந்தப் பணியிடத்துக்கு எந்தப் பிரிவுக்கு எந்தத் தேதி வரைக்கும் பதிஞ்சவங்களை பரிந்துரை பண்ணாங்கன்னு கேளுங்க. வாய்ல பதில் சரியா வரலைன்னா தகவல் உரிமைச் சட்டத்துல 10 ரூபா கட்டணத்தோட மனு போடுங்க, 30 நாளைக்குள்ள பதில் தரணும். மனுவுல கதை எழுத வேண்டாம். பணியிடத்தோட பேர், பட்டியல் அனுப்புன மாசம், உங்க பதிவு எண், பிரிவு வாரியா கட் ஆஃப் தேதி என்ன, இந்த நாலு வரி போதும்.

வெளிநாடு போறவங்களுக்கு

தமிழ்நாடு அரசுக்கே அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம்னு ஒண்ணு 1978ல இருந்து இருக்கு, கிண்டியில. நர்ஸ், டிரைவர், டெக்னீஷியன், வீட்டுவேலைன்னு வளைகுடா நாடுகளுக்கும் வேற சில நாடுகளுக்கும் ஆள் எடுத்து அனுப்புறாங்க, சேவைக் கட்டணம் உண்டு, அது ரசீதோட. தனியார் ஏஜென்ட் வழியா போறதா இருந்தா மத்திய அரசோட இமைக்ரேட் தளத்துல அந்த ஏஜென்சி பதிவு பண்ணியிருக்கா, லைசென்ஸ் உயிரோட இருக்கான்னு பாக்கணும். பதிவு பெற்ற ஏஜென்ட் உங்ககிட்ட வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபா, அதுக்கு மேல 18 சதவீதம் ஜிஎஸ்டி, ஆக 35,400. ரெண்டு லட்சம், மூணு லட்சம் கேக்குறவன் எந்தக் கணக்குல கேக்குறான்னு நீங்களே பாத்துக்கோங்க.

விசிட் விசாவுல அனுப்பி அங்க மாத்திக்கலாம்னு சொன்னா வேண்டவே வேண்டாம். தாய்லாந்துல டேட்டா என்ட்ரி, கம்போடியாவுல கால் சென்டர்னு 2022ல இருந்து நம்ம பசங்களை கூட்டிட்டு போய் மியான்மர் எல்லையில அடைச்சு ஆன்லைன் மோசடி பண்ண வெச்சது பேப்பர்லயே வந்துச்சு, அரசு தலையிட்டுதான் மீட்டுக்கிட்டு வந்தாங்க. ஆபர் லெட்டர் வந்தா அதை எடுத்துக்கிட்டு கிண்டி நிறுவனத்துக்கோ, சென்னையில இருக்குற குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்துக்கோ நேர்ல போய் காட்டிக் கேளுங்க. டிக்கெட் போடுறதுக்கு முன்னாடி.